பக்கத்து வீட்டு வேதம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துத் தம்பி கேட்டிருக்கிறார். கூடப் படிக்கிற திருவிதாங்கோட்டு நண்பன் இவருடைய பைபிளையே திறந்து யோவான் 14ஆம் அதிகாரத்தைக் காட்டி, "இந்தத் தேற்றரவாளன் எங்க நபிதான்" என்கிறானாம். இவருடைய சபை வாலிபர் கூட்டத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரமோ வேறு ஒன்றைச் சொல்கிறது: குர்ஆன் மரியாளை "ஆரோனின் சகோதரி" என்கிறது, மோசேயின் அண்ணனுக்கும் இயேசுவின் தாய்க்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி, ஆகவே குர்ஆனில் பிழை. "ரெண்டு பேரும் வசனத்தைக் காட்டித்தான் பேசுறோம். யார் சொல்றது சரி சார்?"

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் தம்பி. யோவான் 14இல் உங்கள் நண்பன் சொல்வது நிற்காது. ஆரோனின் சகோதரி விஷயத்தில் உங்கள் பிரசுரம் சொல்வதும் நிற்காது. இரண்டும் சரிவதற்குக் காரணம் ஒன்றுதான். நம் வேதத்தை யாராவது எப்படிப் படித்தால் நாம் சண்டைக்குப் போவோமோ, அப்படித்தான் அடுத்தவன் வேதத்தை நாம் படிக்கிறோம்.

நான் தக்கலைக்காரன். முஸ்லிம் வீடு, மிஷன் பள்ளிக்கூடப் படிப்பு, பிறகு நெடுங்காலம் தமிழ் வாத்தியார் வேலை. பீர் முகம்மது அப்பா தர்காவில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி பாடுவதைக் கேட்டும் வளர்ந்தேன், பள்ளிக்கூட அசெம்பிளியில் சங்கீதம் 23ஐ மனப்பாடமாகச் சொல்லியும் வளர்ந்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால் இங்குள்ள முஸ்லிம் பிள்ளை பைபிள் வசனம் காதில் விழாமல் வளர முடியாது. கிறிஸ்தவப் பிள்ளையோ குர்ஆனை ஒரு தடவைகூடத் திறக்காமல் கல்யாணம் வரைக்கும் போய்விடலாம். உங்கள் நண்பன் உங்கள் புத்தகத்தைத் திறக்கிறான், உங்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வேண்டியிருக்கிறது. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் பிரசுரத்தை எடுத்துக்கொள்கிறேன். வசனம் குர்ஆனின் 19ஆம் அத்தியாயம், மர்யம், 28ஆம் வசனம். கைக்குழந்தையோடு வரும் மர்யமைப் பார்த்து ஊரார் "ஹாரூனின் சகோதரியே" என்று கூப்பிட்டுப் பழிக்கிறார்கள். இந்தக் கேள்வியை உங்கள் வாலிபர் சங்கம் கண்டுபிடிக்கவில்லை. நபிகள் நாயகம் உயிரோடிருந்தபோதே தென் அரேபியாவின் நஜ்ரானில் இருந்த கிறிஸ்தவர்கள், அங்கே போன முகீரா என்ற தோழரிடம் இதையே கேட்டார்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வந்து நபியிடம் கேட்டார். "அந்த மக்கள் தங்களுக்கு முன்னால் வாழ்ந்த நபிமார், நல்லோர் பெயர்களால் பெயர் வைத்துக்கொள்வார்கள்" என்பது அவர் சொன்ன பதில். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இது இருக்கிறது. பிரசுரம் 1,400 வருஷம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விளக்கமும் உண்டு. அரபு வழக்கில் "இன்னாரின் சகோதரன்" என்றால் அந்தக் குலத்தான் என்றும் பொருள். குர்ஆனே "ஆது கூட்டத்தாரிடம் அவர்களுடைய சகோதரர் ஹூதை" அனுப்பியதாகச் சொல்கிறது. ஹூது அந்த மொத்தக் கூட்டத்தாருக்கும் கூடப்பிறந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. இப்போது உங்கள் லூக்காவைத் திறங்கள். 1:5இல் எலிசபெத்து "ஆரோனுடைய குமாரத்திகளில் ஒருத்தி". 1:36இல் அதே எலிசபெத்து மரியாளுக்கு "இனத்தாள்". ஆரோனுக்கும் எலிசபெத்துக்கும் நடுவிலும் அதே ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இருக்கத்தானே செய்கிறது? எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த குருடன் "தாவீதின் குமாரனே" என்று கூவியபோது, தாவீது செத்து ஆயிரம் வருஷம் ஆயிற்றே என்று யாராவது காலக்கணக்குப் பார்த்தார்களா? உங்கள் வேதத்தில் மரபுவழக்கு, அவன் வேதத்தில் மட்டும் பிழை என்றால் அது வாதமாகாது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குர்ஆன் 66:12 மர்யமை "இம்ரானின் மகள்" என்கிறது. மோசே, ஆரோன், மிரியாம் மூவருடைய தகப்பன் பெயர் அம்ராம். ஹாரூன், இம்ரான், மர்யம் என்று மூன்று பெயரும் ஒரே குடும்பம் போலக் கூடி வருகிறதே என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. ஆசாரியக் குலத்தையும் ஆலயப் பணியையும் மர்யமோடு சேர்த்துக் காட்டவே அந்தப் பெயர்கள் அங்கே வருகின்றன என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் பொருந்துகிறது. ஆனால் பிரசுரம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சிரிப்பதற்கு ஒரு வசனம் தேடியது.

சரி, இப்போது உங்கள் நண்பன் பக்கம். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான், அதனால் இங்கே கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன்.

யோவான் 14:16இல் கிரேக்கச் சொல் "பராக்லேத்தோஸ்". பழைய தமிழ் பைபிள் "தேற்றரவாளன்" என்கிறது, 1995இல் வந்த திருவிவிலியம் "துணையாளர்" என்கிறது. அதே சொல் 1 யோவான் 2:1இல் இயேசுவுக்கே வரும்போது பழைய தமிழில் "பரிந்து பேசுகிறவர்" ஆகிவிடுகிறது. ஒரே சொல்லுக்குத் தமிழில் மூன்று முகம். இந்தக் குழப்பத்துக்குள்தான் மேடைப் பேச்சாளர்கள் ஒரு வாதத்தைக் கொண்டுவருகிறார்கள். மூலத்தில் "பெரிக்லூத்தோஸ்", அதாவது புகழப்பட்டவர், என்று இருந்ததாம். அது அகமது என்ற பெயருக்கு நேர் பொருளாம். கிறிஸ்தவர்கள் மூன்று உயிரெழுத்தை மாற்றிவிட்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு சொல் அந்த இடத்தில் எந்தக் கிரேக்கக் கையெழுத்துப்படியிலும் இல்லை. நபிகள் நாயகம் பிறப்பதற்கு இருநூறு வருஷம் முந்தைய சினாய், வத்திக்கான் ஏடுகளிலும் "பராக்லேத்தோஸ்"தான். இன்னும் பிறக்காத ஒருவரின் பெயரை மறைக்க நாலாம் நூற்றாண்டில் யாருக்கு அவசரம்?

அதைவிடப் பெரிய விஷயம், பழைய முஸ்லிம் அறிஞர்களுக்கு இந்த எழுத்து வித்தை தேவைப்படவே இல்லை என்பது. இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாறு, இப்னு ஹிஷாம் வழியாக நமக்கு வந்தது, யோவான் 15ஆம் அதிகாரத்து வாக்கியங்களை எடுத்துக் காட்டுகிறது. அங்கே அவர் தருவது "முனஹ்ஹிமனா" என்ற சிரியாக் (கீழைக் கிறிஸ்தவர்களின் பழைய அரமேய மொழி) சொல், பொருள் தேற்றுகிறவர். சொல்லை மாற்றாமலேயே, "வரப்போகும் அந்தத் தேற்றுகிறவர் எங்கள் நபி" என்று வாதிட்டார். அந்த வாதத்துக்கு ஒரு பலமும் உண்டு. யோவான் 16:13இல் அவர் "தம்முடைய சுயமாய்ப் பேசாமல், தாம் கேள்விப்பட்டவைகள் யாவையும்" சொல்வார் என்று வருகிறது. குர்ஆன் 53:3-4 நபியைப் பற்றி "அவர் மன இச்சைப்படிப் பேசுவதில்லை, அறிவிக்கப்பட்டதே அது" என்கிறது. ஒரு முஸ்லிம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் அதே யோவான் 14:26இல் "பரிசுத்த ஆவியாகிய தேற்றரவாளன்" என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 14:17இல் அவரை உலகம் காணாது, அவர் சீஷர்களுக்குள்ளே இருப்பார் என்கிறது. முழு அதிகாரத்தையும் படிக்கிறவன் அதை ஒரு மனிதனைப் பற்றியது என்று சொல்ல முடியாது.

இதில் உங்கள் நண்பனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதை அவனிடம் சொல்லுங்கள். ஈசா நபி (இயேசு) "அகமது என்ற பெயருடைய தூதர்" பற்றி நற்செய்தி சொன்னார் என்று குர்ஆன் 61:6 சொல்கிறது. முஸ்லிம் அதை நம்புவது குர்ஆன் சொல்வதால். யோவான் சாட்சி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவன் ஈமான் (இறைநம்பிக்கை) ஆடப்போவதில்லை. பைபிள் கெட்டுப்போனது என்று காலையில் சொல்லிவிட்டு, சாயங்காலம் அதையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான் தர்மசங்கடம். உங்கள் பக்கத்திலும் இதே கூத்து உண்டு. குர்ஆன் இறைவேதம் இல்லை என்பவர், "இன்ஜீல் (நற்செய்தி வேதம்) உடையோர் அதில் அல்லாஹ் இறக்கியதைக் கொண்டு தீர்ப்பளிக்கட்டும்" என்ற 5:47ஐக் காட்டி, "பாருங்கள், உங்கள் குர்ஆனே பைபிளை ஒத்துக்கொள்கிறது" என்பார்.

உபாகமம் 18:18 கதையும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். "உன்னைப்போல ஒரு தீர்க்கதரிசியை அவர்கள் சகோதரரிலிருந்து" எழுப்புவேன் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். இஸ்ரவேலரின் சகோதரர் இஸ்மவேலர், ஆகவே இது முகம்மது நபி என்பது முஸ்லிம் வாதம். அப்போஸ்தலர் 3:22இல் பேதுரு இதை இயேசுவுக்குச் சொல்லிவிட்டார் என்பது கிறிஸ்தவப் பதில். சகோதரர் என்றால் சொந்த இஸ்ரவேலரே என்பதற்கு உபாகமம் 17:15ஐக் காட்டுவார்கள், ராஜா "உன் சகோதரருக்குள்ளிருந்தே" வர வேண்டும் என்ற கட்டளை அது. முஸ்லிம் திரும்ப உபாகமம் 2:4ஐக் காட்டுவான், ஏசாவின் புத்திரரை அங்கே "உங்கள் சகோதரர்" என்றிருக்கிறது. இப்படியே போகும். தமிழனுக்கு இது புரியாத விஷயமா? பெரியப்பா மகனும் நமக்கு அண்ணன்தான். வேடிக்கை என்னவென்றால் மாற்கு 6:3இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் இயேசுவின் சகோதரர் என்று வருகிறதே, அங்கே கத்தோலிக்கர் "அது சித்தி பெரியம்மா பிள்ளைகள்" என்பார்கள், உங்கள் சபைக்காரர் "கூடப்பிறந்தவர்கள்தான்" என்பார்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குளச்சலுக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே, ஒரே மதத்துக்குள்ளேயே, இத்தனை காலம் தீராத வழக்கு இது. அதை முஸ்லிமோடு ஒரு மத்தியானத்தில் தீர்க்க முடியுமா?

உன்னதப்பாட்டு 5:16இல் "மகமத்தீம்" என்ற எபிரேயச் சொல் முகம்மது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதே வேர்ச்சொல் எசேக்கியேல் 24:16இல் தீர்க்கதரிசியின் சாகப்போகும் மனைவிக்கு வருகிறது. அதே மாதிரி உங்கள் பக்கம் யாராவது "அல்லாஹ் என்பது சந்திரக் கடவுள் பெயர்" என்றால், தக்கலை சீரோ மலபார் கோயிலில் பழைய சிரியாக் பாட்டு கேட்கச் சொல்லுங்கள். "கந்தீஷா ஆலாஹா" என்று பாடுவார்கள், பரிசுத்த தேவன் என்று பொருள். ஆலாஹாவும் அல்லாஹ்வும் அக்கா தங்கச்சி மொழிகளின் ஒரே சொல். அரபு பேசும் கிறிஸ்தவர்கள் கையில் இருக்கும் பைபிளிலும் கடவுளுக்கு அல்லாஹ் என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது கிளைச் சண்டை. இனி வேர்.

நம் ஊரில் பழைய ஆட்கள் கிறிஸ்தவர்களை "வேதக்காரர்" என்பார்கள், கோயிலை "வேதக்கோயில்" என்பார்கள். குர்ஆன் யூதரையும் கிறிஸ்தவரையும் "அஹ்லுல் கிதாப்" என்கிறது. தமிழாக்கங்களில் "வேதத்தையுடையவர்களே" என்று போட்டிருப்பார்கள். திட்டமிடாமலே இரண்டும் அச்சாகப் பொருந்திவிட்டன. ஆனால் அந்த வேதம் என்ற சொல்லுக்குள்தான் கண்ணிவெடி. முஸ்லிமுக்கு வேதம் என்றால் இறைவன் ஒரு நபிக்குச் சொல் சொல்லாக இறக்கியது. தவ்ராத் மூஸாவுக்கு, இன்ஜீல் ஈசாவுக்கு, குர்ஆன் முகம்மதுக்கு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் லூக்காவைத் திறக்கிறான். முதல் வாக்கியத்திலேயே லூக்கா, பலர் எழுதத் தொடங்கினார்கள், நானும் எல்லாவற்றையும் விசாரித்து அறிந்து ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார். முஸ்லிம் திகைத்துப்போகிறான். "இது ஈசாவுக்கு இறங்கியது இல்லையே, யாரோ விசாரித்து எழுதியதல்லவா?" அவன் திகைப்பில் நியாயம் இருக்கிறது. கிறிஸ்தவனோ இயேசுவுக்கு வானத்திலிருந்து புத்தகம் இறங்கியதாக ஒருநாளும் நம்பியதில்லை. அவனுக்கு இறங்கியது இயேசுவேதான். "அந்த வார்த்தை மாம்சமாகி" என்பது யோவான் 1:14.

ஆகவே பைபிளையும் குர்ஆனையும் தராசின் இரண்டு தட்டில் வைப்பதே தப்பான எடை. குர்ஆனுக்கு எதிர்த்தட்டில் வர வேண்டியவர் இயேசு. இதை நான் சும்மா சொல்லவில்லை. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள்? குமாரன் படைக்கப்பட்டவரா இல்லையா என்பதற்கு. கத்தோலிக்கர் ஞாயிறுதோறும் சொல்கிறார்களே, "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்று, அது அந்தச் சண்டையின் தழும்பு. அதற்கு ஐந்நூறு வருஷம் கழித்து, 833இல், பக்தாதின் கலீபா மஃமூன் ஒரு விசாரணையைத் தொடங்கினார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒத்துக்கொள்ளாத அறிஞர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் சவுக்கடியும் பட்டார், வாக்கை மாற்றவில்லை. கடைசியில் சுன்னி உலகம் "குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, படைக்கப்பட்டதல்ல" என்ற பக்கம் நின்றது. இறைவனின் வார்த்தை இறைவனைப் போலவே ஆதியில்லாததா என்ற ஒரே கேள்வி, இரண்டு வீட்டிலும் இரத்தம் சிந்த வைத்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் "உண்டாக்கப்பட்டதல்ல" என்றே தீர்ந்தது. அங்கே வார்த்தை ஓர் ஆள், இங்கே வார்த்தை ஒரு நூல். நான் இதை முதலில் படித்தபோது இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை.

இந்தத் தராசுப் பிழையிலிருந்துதான் "பைபிள் திருத்தப்பட்டது" என்ற சண்டை வருகிறது. தமிழ் படித்தவனுக்குப் பாடபேதம் என்ற சொல் தெரியும். உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டிப் பதிப்பித்தார். சிலப்பதிகாரம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. பைபிளிலும் பாடபேதம் உண்டு, சில பெரியவை. உங்கள் பாட்டியின் பழைய பைபிளில் 1 யோவான் 5:7ஐப் பாருங்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி" என்று இருக்கும். பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுத் திருவிவிலியத்தில் அந்த வரி இருக்காது. பழைய கிரேக்க ஏடுகளில் அது இல்லை. லத்தீன் வழியாக உள்ளே வந்தது. எராஸ்முஸ் தம் கிரேக்கப் பதிப்பில் முதல் இரண்டு முறை அதைப் போடவில்லை, 1522இல்தான் சேர்த்தார். முஸ்லிம் பேச்சாளர்கள் இதைக் காட்டும்போது அவர்கள் சொல்லும் தகவல் சரி. அதிலிருந்து "திரித்துவமே பின்னால் செருகியது" என்று தாவும்போதுதான் தவறுகிறார்கள். நிசேயா சங்கமும் 381இன் கான்ஸ்டான்டிநோபிள் சங்கமும் இந்த வரியின் துணை இல்லாமலே முடிவுக்கு வந்தவை.

முஸ்லிம் பக்கத்திலும் ஓதல் வேறுபாடு உண்டு. அல்ஃபாத்திஹாவின் "மாலிகி யவ்மித்தீன்" என்பதை நம் ஊரில் நெடிலாக ஓதுகிறோம், தீர்ப்பு நாளின் உரிமையாளன் என்று பொருள். வட ஆப்பிரிக்காவில் வர்ஷ் வழி ஓதுவோர் குறிலாக "மலிகி" என்பார்கள், தீர்ப்பு நாளின் அரசன். இதைக் கண்டுபிடித்த ஒரு கிறிஸ்தவ நண்பர் "உங்களுக்கும் திருத்தம் உண்டே!" என்று குதித்தார். அப்படியல்ல. இவை ஆசிரியர் வழியாக ஓதி ஓதிக் காத்துவந்த, முஸ்லிம்களே பெயரிட்டு ஏற்றுக்கொண்ட ஓதல் முறைகள். பைபிள் ஏடுகளின் கதை வேறு, குர்ஆன் ஓதலின் கதை வேறு.

குர்ஆன் சொல்லும் "தஹ்ரீஃப்", புரட்டுதல், எழுத்தைப் புரட்டியதா, பொருளைப் புரட்டியதா என்பதில் முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்பதையும் உங்கள் நண்பன் அறிய வேண்டும். வேதங்களின் சொல்லை யாராலும் அகற்ற முடியாது, பொருளைத்தான் திரிப்பார்கள் என்ற கருத்தை ஹதீஸ் தொகுத்த புகாரியே ஒரு தலைப்பின் கீழ் குறித்து வைத்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் நேர் எதிர், எழுத்தே கெட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினார். நம் நாட்டில் 1854 ஏப்ரலில் ஆக்ராவில், ஜெர்மானிய மிஷனரி ஃபாண்டருக்கும் ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் நடந்த விவாதம்தான் இன்றைய மேடைப் பாணிக்கு விதை. ஐரோப்பியப் பைபிள் ஆராய்ச்சியாளர்கள் எழுதியவற்றையே கைரானவி எடுத்து வீச, பாடபேதம் உண்டு என்று ஃபாண்டர் ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. பின்னாளில் கைரானவியின் நூலைப் படித்துத்தான் தென்னாப்பிரிக்காவின் அகமது தீதாத் பேச்சாளர் ஆனார். அவர் வீடியோ கேசட்டுகள் வளைகுடாவிலிருந்து நம்மூர்ப் பெட்டிகளில் வந்து இறங்கின. உங்கள் நண்பன் சொல்லும் வாதங்களில் பாதிக்கு இந்த வழித்தடத்தை என்னால் காட்ட முடியும்.

சிலுவை விஷயத்தில் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். அது உங்கள் வீட்டில் உயிர்நாடி. குர்ஆன் 4:157, "அவர்கள் அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, வலாகின் ஷுப்பிஹ லஹும்" என்கிறது. அந்தக் கடைசிச் சொற்களுக்கு "அவர்களுக்கு அப்படித் தோற்றமளிக்கப்பட்டது" என்றும் எடுக்கலாம், "ஒருவன் அவரைப்போல் ஆக்கப்பட்டான்" என்றும் எடுக்கலாம். பல தமிழாக்கங்களில் அடைப்புக்குறிக்குள் இரண்டாவதைப் போட்டிருப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது மூலம் அல்ல, உரை. நம் பிள்ளைகள் அந்த அடைப்புக்குறியைச் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள். வேறொருவர் மாற்றாக அறையப்பட்டார் என்பதுதான் பெரும்பான்மை விளக்கம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஃபக்ருத்தீன் ராஸி போன்ற பெரிய உரைகாரரே அதில் எழும் கேள்விகளை வரிசையாக எழுப்பித்தான் பதில் தேடுகிறார்: ஒருவன் உருவம் இன்னொருவன் மேல் விழலாம் என்றால், கண்ணால் காண்பதை எப்படி நம்புவது? கேள்வி கேட்பதற்கு அவர் அஞ்சவில்லை.

குமாரன் என்ற சொல் தமிழில் வேறு தொல்லை கொடுக்கிறது. சங்கீதம் 2:7 பழைய மொழிபெயர்ப்பில் "இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்". குர்ஆன் 112, "அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை". தமிழில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நேருக்கு நேர் மோதுவது போலத்தான் தெரியும். ஆனால் குர்ஆன் 6:101 காரணத்தைச் சொல்கிறது, "அவனுக்கு மனைவியே இல்லாதிருக்க எப்படிப் பிள்ளை?" அங்கே மறுக்கப்படுவது உடல்வழிப் பிறப்பு. அதை எந்த உபதேசியாரும் கற்பித்ததில்லை. அரபியிலேயே வழிப்போக்கனை "இப்னுஸ் ஸபீல்", பாதையின் மகன், என்பார்கள், குர்ஆனிலேயே வருகிறது. பாதைக்கு யாரும் கல்யாணம் செய்து வைக்கவில்லை.

ஆனால் இப்படித் தவறான புரிதல்களை எல்லாம் துடைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நல்லிணக்கக் கூட்டங்களில் அப்படிப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு அலுப்பு வரும். துடைத்த பிறகு ஒன்று மிஞ்சும். இறைவன் மனிதனாக வர முடியுமா, வந்தாரா? உங்கள் பதில் ஆம், என் பதில் இல்லை. இது மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லை, பாடபேதமும் இல்லை. வசனத்தை எத்தனை முறை புரட்டினாலும் தீராது. அதற்காகச் சண்டை போடுவதானால், மரியாதையாக, அதற்காகவே போடலாம்.

மரியாதையாகப் போட்ட ஒரு சண்டை இருக்கிறது. கி.பி. 781 வாக்கில் பக்தாதில் கலீபா மஹ்தி, கிழக்குச் சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவை அழைத்து இரண்டு நாள் விவாதித்தார். தக்கலை சீரோ மலபார்க்காரரின் வழிபாட்டு மரபு அந்தச் சபையிலிருந்துதான் வருகிறது. கலீபா கேட்டவை உங்கள் நண்பன் கேட்டவையே: தேற்றரவாளன் யார், மோசேயைப் போன்ற தீர்க்கதரிசி யார், எங்கள் நபியின் பெயரை நீக்கினீர்களா. திமொத்தேயு ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முகம்மதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றபோது, அவர் எல்லாப் புகழுக்கும் உரியவர், தீர்க்கதரிசிகளின் வழியில் நடந்தவர் என்றார். பிறகு ஓர் உவமை. இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுகிறது. எல்லோரும் தடவுகிறார்கள். ஒருவன் கையில் முத்து, மற்றவர்கள் கையில் கண்ணாடித் துண்டும் கல்லும். ஆளுக்கு ஆள் தன் கையில்தான் முத்து என்று மகிழ்கிறார்கள். விடிந்தால்தான் தெரியும். திமொத்தேயு அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, முத்து எங்கள் கையில்தான் என்பதற்குக் காரணங்களையும் சொன்னார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

நம் மண்ணிலும் ஒருவர் உண்டு. இடலாக்குடி செய்குதம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லும் வித்தை) செய்தவர். வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களுக்குள் சண்டை வந்தபோது, இந்த முஸ்லிம் புலவர் அருட்பா பக்கம் நின்று வாதாடினார். பக்கத்து வீட்டு நூலை அந்த வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளும்படி படிக்க ஒருவரால் முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நண்பனோடு உட்காரப்போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். லூக்கா முதல் அதிகாரத்தை அவன் வாசிக்கட்டும், மர்யம் அத்தியாயத்தை நீங்கள் வாசியுங்கள், தமிழிலேயே. படிக்கும்போது கேள்வி கேட்கலாம், எதிர்வாதம் கூடாது. "உங்க ஆட்கள் இதுக்கு என்ன உரை சொல்லுவாங்க?" என்பதுதான் ஒரே கேள்வி. அவனுக்குத் தெரியாவிட்டால் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டு வரட்டும், உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் போதகரிடம் நீங்கள் போங்கள். இரண்டு பேரும் முதலில் தடுக்கி விழப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மர்யம் 7ஆம் வசனம், யஹ்யாவுக்கு (யோவான் ஸ்நானகனுக்கு) முன் அந்தப் பெயரை யாருக்கும் வைத்ததில்லை என்கிறது. "2 இராஜாக்களிலேயே யோகனான் இருக்கிறானே" என்று உங்கள் பிரசுரக்காரர் குதிப்பார். அவசரப்படாமல் லூக்கா 1:61க்கு வாருங்கள். யோவான் என்று பெயர் வைக்கப்போகும்போது அக்கம்பக்கத்தார் எலிசபெத்திடம் என்ன சொல்கிறார்கள்? "உன் உறவின்முறையாரில் இந்தப் பேருள்ளவன் ஒருவனும் இல்லையே." இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரும் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். நான் நினைப்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.